ஆத்தாவுக்கு, பெர்த்திலிருந்து

சிவமயம்
பெர்த், ஐப்பசி 3

அன்புள்ள ஆத்தாவுக்கு,

உங்க கடுதாசி ஆவணியிலேயே வந்துருச்சு. பதில் போடாம இருந்தது என் தப்புதான். வேலை ஜாஸ்தி, வேற ஒண்ணும் இல்ல. சௌக்கியமா இருக்கேன்.

போட்டோவுல இருந்த ஊதாப் பூ என்னன்னு வள்ளி கேட்டிருந்தா. ஸ்பானிஷ் லாவெண்டர். கதிர் உச்சியில முயல் காது மாதிரி நிக்கிறது பூவே இல்ல, பூவடிச் செதில். நெசப் பூ கதிருக்குள்ள கடுகத்தனை இருக்கும், கருநீலம். வாசம் சூடத்துக்குப் பக்கம். கல்பாசியோட சேர்த்து வறுத்துறாதீங்க, சமையலுக்கு ஆகாது.

வெயில் ஆறு மணி நேரமாவது படணும். காஞ்சு செத்ததை விட, தண்ணி நின்னு வேர் அழுகிச் செத்ததுதான் அதிகம். இங்க மண்ணு வெறும் மணல். ஆனா கோடையில ஒரு தடவை காஞ்சுட்டா தண்ணியைக் குடிக்காது, மேலயே உருண்டு ஓடிரும். அதனால முதல் கோடைக்கு மட்டும் பாத்தி கட்டி, வாரம் ஒருக்கா மெதுவா ஆழமா விடணும். அடுத்த வருஷம் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா போதும். சாணி எரு போட்டா இலை மதமதன்னு வரும், பூ வராது.

பக்கத்து வீட்டு இத்தாலிக்காரத் தாத்தா 40 டிகிரி வெயில்லயும் கம்பளித் தொப்பிதான். நான் ஹோஸை எடுத்தா வேலிக்கு மேல எட்டிப் பார்த்துக் கத்துவாரு. பூ முடிஞ்சதும் கத்தரியோட வந்துருவாரு. மூணுல ஒரு பங்கு வெட்டணும், பச்சை இலை மிச்சம் நிக்கணும். அடிக்கட்டையில கை வச்சா திரும்பத் துளிர்க்காது. வெட்டாமலே விட்டா நடுவுல பிளந்து கட்டையாயிரும்.

பூ இல்லாத கிளையில 8–10 செ.மீ. குச்சி எடுத்து, கீழ்ப்பாதி இலையை உருவி, ஈர மணல்ல செருகினா ஆறு வாரத்துல வேர் விடும். கடையில வாங்கினது ஒண்ணுதான். வேலியோரம் நிக்கிற பதினொண்ணும் குச்சியில வந்தது.

நம்ம செம்மண்ணு இதுக்கு ஒத்துக்கும். அடைமழையும் ராப் புழுக்கமும்தான் ஒத்துக்காது. மண்தொட்டியில செம்மண்ணும் மணலும் சரிபாதி போட்டு, மழைக்காலம் முடியிற வரைக்கும் முகப்புத் திண்ணையில ஏத்திருங்க. வளவுல வேணாம், நாலு பக்கத் தாவாரத் தண்ணியும் அங்கதான் கொட்டும்.

அந்தத் தண்ணி அண்டாவுல விழுற சத்தம் கேட்டு நாலு வருஷமாச்சு, ஆத்தா. இங்க மழை சத்தமில்லாம மணலுக்குள்ள போயிருது. போன பிள்ளையார் நோன்புக்கு, திரி ஏத்தின இழை மாவை நானே எடுத்துக்கிட்டேன். யாரும் குடுக்காம எடுத்துக்கலாமா?

பின்கட்டு ஓடு விஷயத்துல பெரியப்பச்சி சொல்ற கணக்குக்குத் தலையாட்டாதீங்க. கொத்தனாரை ஏறி, உடைஞ்ச ஓட்டை எண்ணச் சொல்லுங்க. என் பங்கைத் தையில அனுப்புறேன், அதுக்கு முன்ன தோது இல்ல. தேக்குத் தூணை விக்கிற பேச்சு வந்தா, என் கையெழுத்து இல்லாம ஆகாதுன்னு சொல்லிருங்க. வள்ளிக்கு வந்திருக்கிற கோட்டையூர் மாப்பிள்ளையோட சாதகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

உங்க மகன்
சேது