மூணு நூல் போல்ட்டும் உன் விண்ணப்பமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தண்ணி லாரிதான் இந்த வாரம் ரெண்டு நாள் வரவில்லை.

நீ அனுப்பிய கட்டுரையை எதிர்வீட்டுத் தம்பி நேற்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னான். மும்பை மான்குர்தில் இருக்கிற ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் ஆராய்ச்சி படிக்க நீ போடப்போகும் விண்ணப்பம் அது. கணக்கை எப்படிச் சொல்லித் தருவது என்பதையே ஆராய்ச்சி செய்கிற இடம் என்று நீ சொன்னதிலிருந்து, அந்தப் பேரைத் தப்பில்லாமல் சொல்ல நானும் பழகிக்கொண்டேன். ரெண்டு பக்கக் கட்டுரை. தம்பி சொல்லி முடித்ததும் நான் ஒன்றும் பேசவில்லை. "நல்லாத்தானே அங்கிள் இருக்கு?" என்றான். ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"சிறு வயதிலிருந்தே கணிதத்தின்மேல் எனக்குத் தீராத ஆர்வம்" என்று ஆரம்பிக்கிறாய். அது உண்மை இல்லைம்மா. ஏழாவது படிக்கும்போது கணக்கு நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் நீ. பத்தாவதில் போலீஸ் ஆகணும் என்றாய். பிளஸ் ஒன்னில் பேங்க் வேலை என்றாய். அதெல்லாம் நல்ல ஆசைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கு எங்கேயும் இல்லை.

அப்புறம், 2020-ல் பிளஸ் டூ முடித்தேன், 2021-ல் பாரதி மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தேன் என்று எழுதியிருக்கிறாய். நடுவில் ஒரு வருஷத்தை "குடும்பச் சூழ்நிலை" என்று ரெண்டே வார்த்தையில் மூடிவிட்டாய். அந்த ரெண்டு வார்த்தைதான் என்னை ராத்திரி முழுக்கப் புரட்டிப்போட்டது. அந்தச் சூழ்நிலை நான்தானே.

உனக்குத் தாத்தா கதை தெரியும். பெரம்பூர் பின்னி மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தார். 1996-ல் மில்லை மூடினார்கள். அப்போது எனக்குப் பதினேழு வயசு. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சேர அப்ளிகேஷன் வாங்கி வைத்திருந்தேன். அது அப்படியே பெட்டியில் கிடந்தது. ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்து லேத் பட்டறைக்குப் போனேன். தொழில் சோறு போட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பிள்ளைக்கு அந்தப் பெட்டி வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தவன் நான். கொரோனா ஊரடங்கில் பட்டறையை மூடியபோது அதே பெட்டியை உன் கையில் கொடுத்தேன். டி.எச். ரோட்டு ஹார்டுவேர் கடையில் பில் போடப் பெண் வேண்டும் என்று கேள்விப்பட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது யார்? நான்தான்.

முதல் நாள் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு மேஸ்திரி வந்து "மூணு நூல் போல்ட் பத்து குடும்மா" என்றார். நீ போய் சணல் நூல்கண்டு மூணு எடுத்து வந்து நின்றாய். கடையில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாய். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் டூல் பெட்டியைத் திறந்து ஆறு இஞ்ச் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் காட்டினேன். "இதோ பாரு, ஒரு இஞ்சுக்குள்ள எட்டுக் கோடு. ஒரு கோடு ஒரு நூல். நாலு நூல்னா அரை இஞ்ச். ஆறு நூல்னா முக்கால்." நீ ஸ்கேலை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்து, நகத்தால் ஒவ்வொரு கோடாகத் தடவி எண்ணினாய். "அப்ப மூணு நூல்னா எட்டுல மூணாப்பா?" என்றாய். ஆமாம் என்றேன். உன் முகம் மாறினதை நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் எழுதின ஒன்றை அன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் தினமும் ஏதாவது கொண்டுவருவாய். அஞ்சு நூல் கம்பிக்குப் பதினாறு எம்.எம். கொடுக்கிறார்களே, கணக்குப் போட்டால் 15.875 வருகிறதே, மீதி எங்கிருந்து வந்துச்சு என்று கேட்பாய். பழைய ஆட்கள் அரைக்கால் இஞ்ச் என்று சொன்னதும், அரைக்கால் என்றால் காலில் பாதியா என்று கேட்டாய். ஆமாம், அதில் பாதி வீசம் என்று அம்மாச்சி சொல்லிக் கொடுத்தார். பட்டறையில் நான் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பேசும் வார்த்தைகளெல்லாம் உன் வாயில் கேள்வியாகத் திரும்பி வந்தன. பி.எஸ்சி. அப்ளிகேஷனில் கணிதம் என்று நீ டிக் போட்டபோது அம்மா ஆச்சரியப்பட்டாள். நான் ஆச்சரியப்படவில்லை.

இதை எழுதும்போதே ஒன்று சொல்லிவிட வேண்டும். கஷ்டப்பட்டதால்தான் நீ படித்தாய் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. உன் கட்டுரையிலும் அப்படி எழுதாதே. பத்து மணி நேரம் நின்றே வேலை பார்த்தாய். ஸ்டூல் இருந்தும் உட்கார விடவில்லை. ராத்திரி உன் கணுக்கால் வீங்கியிருக்கும், அம்மா உப்புத் தண்ணி வைத்துக் கொடுப்பாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டசபையில் 2021-ல் சட்டம் வந்தது. அதற்குள் நீ கடையை விட்டுவிட்டாய். உன்னோடு பில் போட்ட ரெண்டு பெண்களும் உன்னைவிட வேகமாக மனக்கணக்குப் போடுவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்கள் ரெண்டு பேரும் மேலே படிக்கவில்லை. ஒருத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள், போன வாரம்கூடப் பார்த்தேன். அவர்களும் அதே கஷ்டம்தானே பட்டார்கள்? ஒரு பிள்ளை பதினெட்டு வயசில் கடையில் நிற்கும்படி ஆனது தப்பு. அந்தத் தப்புக்குள்ளே உனக்கு ஒரு கேள்வி கிடைத்தது. ரெண்டையும் ஒன்றாக்கி வாழ்த்திவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

சரி, இப்போது மொட்டை மாடிக்கு வருகிறேன். இதை நீ ஒரே வரியில் "தன்னார்வத் தொண்டு செய்தேன்" என்று முடித்திருக்கிறாய்.

2022-ல் இல்லம் தேடிக் கல்வியில் சொல்லித் தரச் சேர்ந்தாய். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்து எழுத்தே மறந்துபோன பிள்ளைகளுக்காக அதற்கு முந்தின வருஷம் அரசு ஆரம்பித்த திட்டம். சாயங்காலம் நம் மொட்டை மாடியில் ஒன்றரை மணி நேரம், மாதம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்காகத்தான் சேர்ந்தாய், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. புத்தகத்துக்கும் ஜெராக்ஸுக்கும் என்னால் கொடுக்க முடியாத நேரம் அது. அப்புறம் அதே வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி, புதுமைப் பெண் திட்டத்தை உன் காலேஜிலேயே தொடங்கி வைத்தார்கள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் உனக்கும் மாதம் ஆயிரம் வந்தது. "இனிமே டியூஷனை விட்டுடு, செமஸ்டருக்குப் படி" என்று நான் சொன்னேன். நீ விடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அந்தக் கொத்தனார் பையன் இன்னும் பின்னம் போடலைப்பா" என்றாய்.

அந்தப் பையனைப் பற்றி உன் கட்டுரையில் ஒரு எழுத்துகூட இல்லையே, எப்படிம்மா?

அன்றைக்கு நான் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்து, மாடியில் தண்ணித் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நாலு நாளாக நீ ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாய். நாலில் ஒரு பங்கு பெரிசா, எட்டில் ஒரு பங்கு பெரிசா? நாலைவிட எட்டு பெரிசு, அதனால் எட்டில் ஒன்றுதான் பெரிசு என்று எல்லாப் பிள்ளைகளும் கத்தின. சப்பாத்தியைப் பிய்த்துக் காட்டினாய், பேப்பரை மடித்துக் காட்டினாய். தலையாட்டிவிட்டு மறுநாள் அதையே சொன்னார்கள். அஞ்சாம் நாள் என் பெட்டியிலிருந்து ரெண்டு போல்ட் எடுத்துப் போனாய். அஞ்சாவது படிக்கிற அந்தப் பையன் கையில் கொடுத்தாய். அவன் பார்க்கக்கூட இல்லை. விரலால் உருட்டிவிட்டு, "இது மூணு நூல்க்கா, இது ரெண்டு" என்றான். எப்படித் தெரியும் என்றாய். "அப்பாவுக்கு நான்தான் எடுத்துக் குடுப்பேன்." ஒரு இஞ்சுக்கு எத்தனை நூல்? "எட்டு." அப்போ மூணு நூல் ஒரு இஞ்சில் எவ்வளவு, போர்டில் எழுது என்று சாக்பீஸைக் கொடுத்தாய்.

மூணு என்று எழுதினான். அப்புறம் நின்றுவிட்டான். கை மேலேயே இருந்தது. கீழே கோடு போடலாமா வேண்டாமா என்று உன் முகத்தைப் பார்த்தான், போர்டைப் பார்த்தான், கையில் இருந்த போல்ட்டைப் பார்த்தான். சாக்பீஸ் தூள் அவன் கால்மேல் விழுந்துகொண்டிருந்தது. நீ ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாய். நானாக இருந்தால் பொறுமை இல்லாமல் நானே எழுதியிருப்பேன்.

அன்று ராத்திரி என்னிடம் கேட்டாய்: "கையில தெரியுதுப்பா. எழுத வரலை. நடுவுல என்னப்பா இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் அப்படித்தான். வெர்னியர் அளவுகோலில் 0.02 எம்.எம். வரைக்கும் பார்த்துப் பிடிப்பேன், டிராயிங்கில் அதே அளவைப் பின்னமாக எழுதச் சொன்னால் திணறுவேன். அதற்கப்புறம்தான் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குப் போக ஆரம்பித்தாய். ஒருநாள் ஓடிவந்து சொன்னாய்: பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்ற ஊரில், தெருவில் தேங்காய், பழம் விற்கிற பிள்ளைகளை வைத்து 1985-ல் ஒரு ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். கடையில் வைத்துக் கேட்டால் நூற்றுக்கு 98 கேள்விக்குச் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தால் 37-தான் சரியாகப் போட்டார்களாம். "நம்ம மாடியில பார்த்ததுதான்ப்பா இது! இதுக்குன்னே படிப்பு இருக்குப்பா!" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அந்த இடத்தில்தான் உன் ஆராய்ச்சி ஆசை பிறந்தது என்று நான் நினைக்கிறேன். ஹைதராபாத்துக்கு எம்.எஸ்சி. போனதும் அதற்காகத்தான். அப்படி இருக்க, இந்த ரெண்டு பக்கத்தில் கடையும் இல்லை, மாடியும் இல்லை, போல்ட்டும் இல்லை. யாரோ ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை எழுதின மாதிரி இருக்கிறது. அங்கே உட்கார்ந்து படிப்பவர்கள் பிள்ளைகள் எப்படிக் கணக்குக் கற்கிறார்கள் என்று ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களிடம் போய் அந்தப் பையனை மறைத்தால் வேறு யாரிடம் சொல்வாய்? வெட்கமாக இருக்கிறது என்று உன் தோழியிடம் சொன்னதாக அம்மா சொன்னாள். கடையில் வேலை பார்த்தது தெரிந்தால் மட்டமாக நினைப்பார்களோ என்று. அப்படி நினைக்கிறவர்கள் இருந்தால் இருக்கட்டும். நீ முதலில் நினைக்காதே.

அம்மா பி.எட். படி, டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுது, பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கு என்கிறாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை, நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை. அத்தை வேறு எப்போ சம்பாதிப்பாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 என்று நீ சொன்னதைச் சொன்னேன், கொஞ்சம் அடங்கினாள். இதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய காலம் முடிந்துவிட்டது. பட்டறையில் இப்போது வேலை இருக்கிறது.

அந்தக் கொத்தனார் பையன் எட்டாவது போய்விட்டான். வெள்ளிக்கிழமை வந்தான். தசமம் கேட்டான், எனக்குத் தெரிந்தவரை சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்ததில் பாதியை அவன்தான் எனக்குத் திருத்தினான். அக்கா எப்போ வரும் என்று கேட்டுவிட்டுப் போனான்.

மாமா புதன்கிழமை ராத்திரி ரயிலில் ஹைதராபாத் வருகிறார். அவரிடம் அந்த ஆறு இஞ்ச் ஸ்டீல் ஸ்கேலைக் கொடுத்து அனுப்புகிறேன். எட்டுக் கோட்டில் மூணாவது கோடு பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கும், அது உன் நகம் பட்டது. கூடவே அம்மா செய்த கருவாட்டுத் தொக்கும் வருகிறது, ஹாஸ்டலில் வாசனை வராமல் நன்றாக மூடி வை. கட்டுரையின் முதல் பக்கத்தை மறுபடி எழுதி ஞாயிற்றுக்கிழமை எனக்குப் படித்துக் காட்டு. தம்பி வேண்டாம். நீயே தமிழில் சொல்லு.

அன்புடன்,
அப்பா