பல்லுக்கு எவ்வளவு?

எடிசன், நியூ ஜெர்சி
18 மே 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அப்பாவும் நலந்தானே? போன வாரம் போனில் சின்னவள் "என் பல்லுக்கு அங்கே எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டதும் நீ சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாய். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கீழ்வரிசை முன்பல் நன்றாக ஆடுகிறது. ஜூன் கடைசியில் பள்ளி முடிந்து கிளம்பும்போது ஒன்று விமானத்தில் விழும், இல்லையென்றால் உன் வீட்டில் விழும். உன் வீட்டில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அவள் காதில் விழுந்துவிடும். படித்த பிறகு இதை பீரோவில் பூட்டிவிடு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

முறை இதுதான். விழுந்த பால் பல்லைப் பிள்ளை இரவில் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கும். டூத் ஃபேரி என்கிற பல் தேவதை வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும். தேவதை யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் பாதி தூக்கத்தில் சில்லறை தேடி அலைகிற அப்பா அம்மாதான்.

ஏதோ ஆதிகாலத்துச் சம்பிரதாயம் போல இங்கே பேசுவார்கள். ஆனால் அச்சில் கிடைக்கிற பழைய குறிப்புகளில் ஒன்று 1908ல் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையில் வந்த வீட்டுக் குறிப்புதான். ஆடும் பல்லைப் பிடுங்க விடாமல் அடம் பிடிக்கிற பிள்ளைக்குத் தேவதையைப் பற்றிச் சொல்லுங்கள், ஐந்து சென்ட் கடைக்குப் போய் சின்னச் சின்னப் பொருள்களை வாங்கி இருப்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் இருக்கிறது. காசு கூட இல்லை பார், பொருள்தான். பிள்ளையை வழிக்குக் கொண்டுவர ஒரு தந்திரம், அவ்வளவே. காசு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது, ஒட்டிக்கொண்டபின் ஏறிக்கொண்டே போகிறது.

எவ்வளவு ஏறியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. டெல்டா டென்டல் என்ற பல் காப்பீட்டு நிறுவனம் 1998லிருந்து பெற்றோரிடம் கேட்டுச் சராசரி வெளியிடுகிறது. அந்த முதல் வருடம் ஒரு பல்லுக்கு 1.30 டாலர். 2019ல் 3.70. 2023ல் 6.23 வரை போனது. 2024ல் 5.84க்கு இறங்கி, 2025ல் 5.01 ஆகியிருக்கிறது. நம் ரூபாயில் கிட்டத்தட்ட 430. பெரும்பாலான வருடங்களில் பங்குச் சந்தை ஏறினால் பல் விலையும் ஏறியிருக்கிறது என்று அந்த நிறுவனமே ஒப்பிட்டுக் காட்டும். எனக்கு இந்தச் சராசரியில் நம்பிக்கை குறைவு. பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரு டாலரோ இரண்டு டாலரோ கொடுத்தாலும், மிச்சம் இரண்டு பேர் இருபது டாலர் நோட்டை வைத்தால் சராசரி ஐந்தைத் தொட்டுவிடும். செய்தியில் வருகிற அந்த ஐந்தைப் பார்த்துப் புதிதாக வந்த நம்மவர்கள், அதுதான் இங்கே வழக்கம் போலிருக்கிறது என்று தாங்களும் ஐந்து வைக்க ஆரம்பிக்கிறார்கள்.

தொகையைத் தீர்மானிக்கும்போது பெருக்கல் செய்து பார்க்க வேண்டும். பால் பற்கள் மொத்தம் 20. ஒரு டாலர் என்றால் ஒரு பிள்ளைக்கு ஆறு வருடத்தில் 20 டாலர். ஐந்து என்றால் 100. முதல் பல் என்று ஆசையில் 20 வைத்துவிட்டால் அடுத்த பல்லுக்கும் பிள்ளை 20தான் எதிர்பார்க்கும், 400ல் போய் முடியும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் பெரியவனுக்குக் கொடுத்ததைச் சின்னவளுக்குக் குறைக்க முடியாது. அவன் தொகையை மறந்திருக்க மாட்டான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதல் பல்லுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி, மற்ற பத்தொன்பதுக்கும் ஒரே தொகை என்று வைத்துக்கொள்கிறார்கள். கூட்டியது முதல் பல் என்பதற்காகத்தான் என்று தேவதையின் சீட்டிலேயே எழுதிவிடுவார்கள்.

தொகை சின்னதாக இருந்தாலும் பெரிதாகத் தெரிய வைக்க ஒரு வழி இருக்கிறது. கடைத்தெருவில் புழங்காத காசாகக் கொடுப்பது. ஒரு டாலர் நாணயம் தங்க நிறத்தில் இருக்கும். 2000லிருந்து வந்த நாணயத்தில் சகாஜவியா என்ற செவ்விந்தியப் பெண் முதுகில் குழந்தையோடு இருப்பாள். இரண்டு டாலர் நோட்டு இன்னொன்று. ஜெஃபர்சன் படம் போட்டது, செல்லுபடியானது, ஆனால் கல்லாப்பெட்டியில் பார்ப்பது அபூர்வம். இரண்டும் ஏ.டி.எம்.மில் வராது. வங்கிக்குப் போய்க் கவுன்டரில் கேட்டால் இருந்தால் தருவார்கள். நாணயம் 25 கொண்ட சுருளாகவும் கிடைக்கும். ஒரு சுருள் ஒரு பிள்ளைக்குப் போதும், ஐந்து மிச்சமாகும். அந்த நாணயத்தின் மேற்பூச்சு மாங்கனீசு கலந்த பித்தளை. தங்கம் என்று நினைத்துக் கையிலேயே வைத்திருந்தால் நம் பித்தளைச் செம்பு மாதிரி கறுத்துவிடும்.

நோட்டுக்கு ஜிகினா ஒட்டுகிறவர்களும் உண்டு. நோட்டின் ஓரத்தில் மட்டும் ஹேர் ஸ்பிரேயை லேசாக அடித்து, அந்த ஈரத்தில் ஜிகினாத் தூள் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டுக் கால் மணி நேரம் காய வைக்க வேண்டும். காயாமல் வைத்தால் தலையணை உறையில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒரு மாதத்துக்குத் துவைக்கிற துணியிலெல்லாம் மினுமினுப்புத்தான். படுக்கையில் நேரடியாகத் தூவவே கூடாது, கண்ணில் போகும். என்னைக் கேட்டால் இந்த வேலையே வேண்டாம். காசு போதும்.

இப்போது இரவு வேலை. எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். பல் ஒரு அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. சும்மா தலையணைக்கு அடியில் போட்டால் விரிப்பு மடிப்பில் காணாமல் போகும். டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வைத்தால் குப்பை என்று யாராவது எடுத்துப் போட்டுவிடுவார்கள். சின்ன டப்பாவில் வைக்க வேண்டும், அல்லது இதற்கென்றே கடையில் விற்கிற, பை தைத்த குட்டித் தலையணையில். அதைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டால் பிள்ளையின் தலைக்கு அடியில் கையே விட வேண்டாம். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த குடும்பங்களில் பல்லை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுப் படுக்கை ஓரம் வைப்பார்கள், காலையில் தம்ளரில் காசு கிடக்கும். நல்ல யோசனைதான். ஆனால் காசைத் தண்ணீரில் போடும்போது தம்ளரைச் சாய்த்து ஓரமாக வழுக்க விட வேண்டும், 'டிங்' என்றால் கதை முடிந்தது.

தலையணைக்கு அடியில்தான் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், டப்பாவை நடுவில் வைக்க விடாதே, கட்டில் ஓரத்துப் பக்கமாக வைக்கச் சொல். தூங்கியதும் உடனே போகாதே, ஒரு மணி நேரமாவது விடு. தலையணையைத் தூக்கக் கூடாது. உள்ளங்கை கீழே பார்க்க, மெத்தையோடு ஒட்டிக் கையைச் சறுக்கி விட்டால் தலை அசையாது. முதலில் பல்லை எடுத்துக்கொண்டு பிறகு காசை வை. மாற்றிச் செய்தால் காசை வைத்த திருப்தியில் பல்லை விட்டுவிட்டு வந்துவிடுவோம். தேவதை காசும் கொடுத்துப் பல்லையும் விட்டுப் போனது ஏன் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது.

மறந்துபோவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு, அது நடக்காத வீடு குறைவு. பிள்ளை அழுதுகொண்டு வந்தால் "சரியாகப் பார்த்தாயா?" என்று கூடவே போய், விரிப்பை உதறுகிற சாக்கில் கையிலிருந்த காசை நழுவ விடுவது ஒரு வழி. நேற்று மழை, இன்று வரும் என்பது இன்னொரு வழி. தாமதத்துக்கு வட்டி மாதிரி அதிகம் வைப்பதுதான் தவறு. அடுத்த முறை தேவதை தாமதமாக வரட்டும் என்று பிள்ளையே வேண்டிக்கொள்ளும்.

பல்லை விழுங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, தானே வெளியே போய்விடும். இருமி மூச்சுத் திணறினால் மட்டும் டாக்டரிடம் ஓட வேண்டும். பல் இல்லாததற்கு ஒரு சீட்டு எழுதி வைத்தால் தேவதை ஒப்புக்கொள்ளும். பள்ளியில் விழுந்தால் அங்கே நர்ஸ் அம்மாள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் குட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்புவார். ஒன்றாம் வகுப்பில் மாதாமாதம் யாருக்கு எத்தனை பல் விழுந்தது என்று சுவரில் படம் போட்டுக் கூட்டல் சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல பாடம்தான். ஆனால் உனக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவு என்ற பேச்சு கிளம்புவதும் அங்கேதான். ஒருத்திக்கு இருபது, பக்கத்தில் இருப்பவளுக்கு ஒன்று. "நம் வீட்டுக்கு வரும் தேவதை நாணயம்தான் கொண்டுவரும்" என்று முதல் பல்லுக்கு முன்பே சொல்லி வைத்தால் இந்தப் பேச்சு பிள்ளையைப் பெரிதாகத் தொடாது. சொத்தைப் பல்லுக்குக் காசு குறையும் என்று சொல்லிப் பல் துலக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சொத்தை வந்த பிள்ளை ஏற்கெனவே வலி பட்டிருக்கும்.

வகுப்பில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்குத் தேவதை கிடையாது, எலிதான் வரும். ரத்தோன் பெரெஸ் என்று பெயர். 1894 வாக்கில் எட்டு வயது ஸ்பெயின் அரசர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவுக்குப் பல் விழுந்தபோது எழுதிய கதையில் வந்த எலி அது. மத்ரீத் நகரில் அதற்கு ஒரு சிறிய அருங்காட்சியகமே இருக்கிறது. எலிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் எலியிடம் கொடுப்பது தேவதையிடம் கொடுப்பதைவிட எனக்கு நியாயமாகப் படுகிறது.

இனி உன் வீட்டுக்கு வருகிறேன். நூல் கட்டி இழுக்க வேண்டாம். அப்பாவிடமும் சொல்லி வை, அவர் கை சும்மா இருக்காது. வேர் கரைந்தபின் தானாக விழும், நாக்கால் அவளே ஆட்டிக்கொள்ளட்டும். விழுந்ததும் சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் கடிக்கச் சொல், ரத்தம் நின்றுவிடும். பின்னால் இன்னொரு பல் எட்டிப் பார்த்தாலும் பயப்படாதே. கீழ்வரிசையில் புதுப் பல் உள்பக்கமாக முளைப்பது சாதாரணம், பால் பல் விழுந்ததும் நாக்கே அதை முன்னால் தள்ளிவிடும். ஆனால் ஒன்றை மட்டும் நினைவில் வை. பெரியவனுக்கு முன்னால் இருப்பவை இப்போது நிலைப் பற்கள். கிரிக்கெட்டில் பந்து பட்டு அதில் ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தால் அது தேவதைக்கு இல்லை. வேர்ப் பக்கம் தொடாமல், தேய்க்காமல், ஒரு கிண்ணம் பாலில் போட்டு அரை மணிக்குள் பல் டாக்டரிடம் கொண்டுபோனால் திரும்பப் பொருத்த வழி இருக்கிறது. பால் பல் என்றால் அப்படிப் பொருத்த மாட்டார்கள்.

அங்கே நோட்டு வைக்காதே, மின்விசிறியில் பறந்துவிடும். பல்லைக் கழுவித் துடைத்து வை, இல்லாவிட்டால் எறும்பு மொய்க்கும். டப்பாவுக்குப் பதில் உன் குங்குமச் சிமிழ் ஒன்று போதும். கூடத்தில் உன்னை ஒட்டிப் படுப்பவள், நீ எழுந்தாலே விழித்துக்கொள்வாள். எனவே அவள் தலைமாட்டில் வைக்காமல் ஜன்னல் திண்டில் வைக்கச் சொல். தேவதை ஜன்னல் வழியாகத்தானே வர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாணி உருண்டையில் பல்லை வைத்துக் கூரைமேல் எறிவோம் என்று நீ சொன்னதிலிருந்து அதுவும் வேண்டும் என்கிறாள். ஒரு பல்லை இரண்டு இடத்துக்குக் கொடுக்க முடியாது. யோசித்துப் பார்த்ததில் இது சரிவரும் என்று தோன்றுகிறது: சாயங்காலம் மொட்டை மாடிக்கு எறியட்டும், தேவதை அங்கே வந்து பொறுக்கிக்கொள்ளும், காசை மட்டும் ஜன்னலில் வைத்துப் போகும். உனக்கும் வேலை பாதி. ஆனால் விடிந்ததும் முதல் வேலையாக மாடிக்கு ஓடிப் பார்ப்பாள். அப்பா ஐந்து மணிக்கு நடக்கப் போகிறவர்தானே, போகிற வழியில் மாடி ஏறி அந்த உருண்டையை எடுத்துவிடச் சொல். அவருக்கு எந்த மூலையில் விழுந்தது என்று தெரிய வேண்டும், எறியும்போது கூடவே நிற்கட்டும்.

ஒரு டாலர் நாணயம் இரண்டை என் பெட்டியில் மருந்துப் பையின் அடியில் வைத்திருக்கிறேன், வந்ததும் வாங்கிக்கொள். அவை செலவாகிவிட்டால் அடுத்த பல்லுக்கு நீ 20 ரூபாய் நாணயம் வை. பன்னிரண்டு பக்கம் கொண்டது, இரண்டு நிறத்தில் இருக்கும், அவள் பார்த்ததே இல்லை. புதிதாகப் பார்த்து இப்போதே எடுத்து வை. 500 ரூபாய் எல்லாம் வேண்டாம், அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்.

உன் முட்டிவலிக்கு மருந்து வாங்கிவிட்டேன். மற்றவை நேரில்.

அன்புடன்,
உன் மகள்