கோழி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கம் என்ன செய்தது, எது நடக்காமல் போனது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் தடுப்பூசி. சங்கம் தொடங்கியதே இதற்காகத்தான். வீட்டில் 10 கோழி வைத்திருப்பவருக்கு, கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஊசி போட மனம் இல்லாமல் இல்லை. குப்பிதான் 100 கோழிக்கென்று வருகிறது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாளைக்கு வைக்க முடியாது. பத்துக் கோழிக்காகக் குப்பியைத் திறந்து பாக்கியைக் கொட்ட யாருக்கும் கை வராது. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதம் இலவச முகாம் நடத்துகிறது, நல்ல காரியம். ஆனால் சித்திரையில் பொரித்த குஞ்சு அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்குமா? கோடையில் ஒரு கழிச்சல் வந்தால் பஞ்சாரமே காலி.

அதனால் இந்த ஆண்டு தெருத்தெருவாகச் சேர்த்து, மாதம் ஒரு காலை என்று முறை வைத்தோம். இதில் உதவியது ஊசியைவிட நாட்காட்டிதான். அடை வைத்த தேதியை எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது என்று முடிவானது. 21 நாளில் குஞ்சு, அதிலிருந்து ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா, அதாவது குஞ்சுக்கான வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து. ஆக, அடை வைத்த 28ஆம் நாள் எந்த வீட்டுக் குஞ்சுக்கு மருந்து என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. முடிந்தவரை ஒரே வாரத்தில் அடை வைக்கச் சொன்னோம். கோழி நம் பேச்சைக் கேட்டு அடைக்கு உட்காராது என்பது வேறு விஷயம். ஆனால் முட்டையைக் குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம் வரை சேர்த்து வைக்கலாம், அது நம் கையில் இருக்கிறது.

நாலாம் வாரம் மறுபடி லசோட்டா. தண்ணீரில் கலந்து கொடுப்பவர்கள் நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் கலக்காதீர்கள், அதிலுள்ள குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீர் போதும். எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில், அதே நோய்க்கான ஆர்2பி ஊசி. இதைச் சின்னக் குஞ்சுக்குப் போடக்கூடாது, வீரியம் கூடுதல். பெரிய கோழியே ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் சோர்ந்து நிற்கும். அதைப் பார்த்து "ஊசி போட்டதால்தான் நோய் வந்தது" என்று இரண்டாம் தெருவில் பேச்சு கிளம்பியது. அங்கே சில வீடுகளில் அடுத்த முறை கோழியைத் திறந்து விட்டுவிட்டார்கள். பகலில் திறந்துவிட்ட நாட்டுக்கோழியைத் துரத்திப் பிடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடும், குப்பியும் வீண். முந்தின இரவே அடைத்து வைத்து, விடிவதற்குள் கூட்டுக் கதவருகே மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் வேலை ஆகும். முருங்கை மரத்தில் அடையும் கோழிகளுக்கு என்ன செய்வது என்று இன்னும் வழி தெரியவில்லை. ஊசி போடும் கையைவிட இறக்கையை விரித்துப் பிடிக்கும் கைதான் முக்கியம், அதில் நம் பெண் உறுப்பினர்களை மிஞ்ச ஆளில்லை.

வாய்க்கால் ஓரத்து வீடுகளில் ஆடி மாதம் கழிச்சல் வந்ததை எல்லோரும் அறிவீர்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி விழுந்தன. வந்தபின் மருந்து கிடையாது. சின்ன வெங்காயமும் சீரகமும் மிளகும் அரைத்து உருட்டிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கட்டும், தடுப்பூசிக்குப் பதில் அது ஆகாது. என் வருத்தம் வேறு. நோய் கண்ட கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றதும், செத்ததை வாய்க்காலில் வீசியதும் நடந்தன. ஒரு வீட்டு நோய் நாலு ஊருக்குப் போக இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அதற்குச் சுண்ணாம்பு மூட்டை வாங்கிச் சங்கத்தில் வைத்திருக்கிறோம், கேட்டால் கிடைக்கும்.

அடுத்து பொரிப்பான். பொதுவில் வாங்கிய அந்தப் பெட்டி ஆண்டு முழுக்கச் சுற்றி வந்தது. 37.5 டிகிரியில் நிற்க வேண்டும், முட்டையைத் திருப்ப வேண்டும், 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும், நடுவில் மின்வெட்டு வேறு. கூமுட்டை அதிகம் என்று எழுதித் தந்தவர்களே அதிகம். சிறுவிடை என்னும் சின்ன நாட்டுக்கோழிப் பெட்டை அடை காப்பதற்கு ஈடாக எந்தப் பெட்டியும் இல்லை என்பது என் கருத்து, தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார். இருவருக்கும் சம்மதமான வழி ஒன்று இருக்கிறது: பொரிப்பானில் வந்த குஞ்சுகளை இரவில் அடைக்கோழியின் இறக்கைக்கு அடியில் நுழைத்துவிடுவது. விடிந்ததும் தன் குஞ்சென்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது.

தாயில்லாக் குஞ்சு வாங்குபவர்களுக்கு: முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்தால் சரி. பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு, அவ்வளவுதான் கணக்கு. தேர்த் திருவிழாவில் பச்சையும் ரோஸும் சாயம் பூசி விற்ற குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள் கழித்த சேவல் குஞ்சுகள். பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்கி, சூடு கொடுக்காமல் மறுநாளே புதைத்தவர்கள் நம் உறுப்பினர்களிலும் உண்டு. அடுத்த தேருக்கு முன் பள்ளியில் பேச அனுமதி கேட்டிருக்கிறோம்.

கரையான் பானைக்கு வரவேற்பு நன்றாக இருந்தது. உடைந்த பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலை போட்டு நீர் தெளித்து மாலையில் கவிழ்த்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும், குஞ்சுக்குத் தீனி தயார். கீரித் தொல்லைக்கு அடிக் கம்பிவலையை மண்ணுக்குள் ஓர் அடி இறக்கச் சொன்னோம், செய்தவர்களுக்கு இழப்பு குறைந்தது. சேவல் கூவுவதாக மாடி வீட்டுக்காரர்கள் கொடுத்த புகார் பேசி முடிக்கப்பட்டது. பொங்கலையொட்டிச் சேவல்கட்டுக்குச் சங்கத்தின் பெயரில் நன்கொடை கேட்டு வந்தார்கள், மறுத்துவிட்டோம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள். ஒன்று, மருந்தைப் பனிக்கட்டியோடு எடுத்து வர இரண்டாவது பெட்டி வாங்குவது. இரண்டு, தடுப்பூசி முறையில் சேராத வீட்டுக்குப் பொரிப்பானைத் தருவதில்லை. இரண்டாவதற்கு எதிர்ப்பு இருக்கிறது என்று தெரியும், பேசுவோம். உறுப்பினர்கள் கருத்துச் சொல்லலாம். நன்றி.