ஒரு சனிக்கிழமை மாலையை டையன் ஃபார்ச்சூனுக்குக் கொடுங்கள்

சிங்கப்பூரில் தமிழ் வாசிப்புக் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். வரும் சீன ஏழாம் மாதத்தில், அதாவது பேய் மாதத்தில், ஒரு கூட்டத்தை டையன் ஃபார்ச்சூன் எழுதிய பேய்க் கதைகளுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஒரு குழுவில் இதைச் சொன்னபோது, "மாந்திரீகம் செய்த பெண் எழுதியதா? பிள்ளைகளும் வருகிற இடம், வேண்டாமே" என்று அன்பாகத்தான் மறுத்தார்கள். தயக்கம் புரிகிறது. ஆனால் அவர் மாந்திரீகம் செய்தவர் என்பதற்காகவே அவரைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

அவருடைய இயற்பெயர் வயலட் ஃபர்த். 1890இல் வேல்ஸில் பிறந்தவர். லண்டனில் மனநல சிகிச்சை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தார். 1919இல் ஒரு மாந்திரீகச் சங்கத்தில் தீட்சை பெற்று, பின்னர் 'இன்னர் லைட்' என்ற சங்கத்தைத் தாமே தொடங்கினார். அது இன்றும் இருக்கிறது. அவருக்குப் பேய் என்பது கதையை ஓட்டுவதற்கான உத்தி இல்லை. நம்பினார், சடங்கு செய்தார், கதையும் எழுதினார்.

1926இல் வந்த 'தி சீக்ரெட்ஸ் ஆஃப் டாக்டர் டேவர்னர்' தொகுப்பில் பேயோட்டுகிறவர் ஒரு டாக்டர். நர்சிங் ஹோம் நடத்துகிறார். போர்முனையிலிருந்து திரும்பிய, கல்யாணம் நிச்சயமான ஒரு வாலிபனுக்கு இரத்த வெறி பிடித்திருக்கிறது. டேவர்னர் அவனை அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. நோயாளியை விசாரிப்பது போல விசாரிக்கிறார். முதல் உலகப் போர் முடிந்து எட்டே ஆண்டுகளில் வெளிவந்த புத்தகம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் நெஞ்சு கனக்கிறது.

கதையைவிட அதிகமாக என்னை உலுக்கியது மாந்திரீகத் தாக்குதலிலிருந்து தற்காத்துக்கொள்வது பற்றி 1930இல் அவர் எழுதிய 'சைக்கிக் செல்ஃப்-டிஃபென்ஸ்'. தனக்குத் துரோகம் செய்த ஒருவரைப் பற்றி ஒருநாள் படுக்கையில் கிடந்தபடி கறுவிக்கொண்டிருக்கிறார். பழிவாங்கும் நினைப்போடு வட ஐரோப்பியப் புராணத்து ஓநாயின் ஞாபகமும் வருகிறது. அரைத்தூக்கத்தில், பக்கத்தில் ஒரு பெரிய ஓநாய் படுத்திருக்கிறது! அதன் பாரம் உடம்பில் தெரிகிறது. முழங்கையால் இடித்துக் கீழே தள்ளுகிறார். அப்புறம் அதே வீட்டிலிருந்த இன்னொருவர் ஓநாய்க் கனவு கண்டு விழித்து, இருட்டில் மிருகக் கண்கள் மின்னியதாகச் சொல்கிறார். அந்த ஓநாய் தன் கோபத்திலிருந்து பிறந்தது என்று ஃபார்ச்சூனுக்குத் தெரிந்துவிடுகிறது. பழியைக் கைவிட்டு, அதை மறுபடியும் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்கிறார். இழுக்கும்போது அந்த வெறியெல்லாம் தன்மேல் பாய்ந்ததாக எழுதுகிறார்.

நம் ஊர்க் கதைகளில் செய்வினை என்றால் வைத்தவர் எப்போதும் வேறு ஆள்: பங்காளி, பக்கத்து வீட்டுக்காரி, மாமியார். இங்கே எழுதுகிறவரே ஏவியவர். ஓநாய் நிஜமா பொய்யா என்பதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். இதைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டுமா?

அதே புத்தகத்தில், இளம் வயதில் ஒரு கல்லூரி நிர்வாகி அவரை நாலு மணி நேரம் நிறுத்திவைத்து, உனக்குத் திறமை இல்லை, தன்னம்பிக்கை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னதும் வருகிறது. அறையைவிட்டு வெளியே வந்தவர் மூன்று வருடம் நோயாளியாகக் கிடந்தார். அதையும் மாந்திரீகத் தாக்குதல் என்றே எழுதுகிறார். அலுவலகத்தில் இப்படி நொறுக்கப்பட்டவர்கள் நம் கூட்டங்களில் நிச்சயம் இருப்பார்கள்.

தீமிதிக்கும் தைப்பூசத்துக்கும் பிள்ளைகளைத் தோளில் சுமந்து போகிறோம். ஏழாம் மாதத்தில் புளோக்குக்குக் கீழே காகிதம் எரியும்போது, சாம்பலை மிதிக்காதே என்று சொல்லியே வளர்க்கிறோம். பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண் பேயின் கதை கேட்காத சிங்கப்பூர்ப் பிள்ளை உண்டா? கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிப் பேசுவது நமக்குப் புதிது இல்லை. அதைப் பொறுப்போடு எழுதிய ஒருவரிடம் மட்டும் ஏன் கதவைச் சாத்த வேண்டும்?

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஃபார்ச்சூன் 1946இல் காலமானார். எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டு வரைதான் இங்கே காப்புரிமை. எனவே அவர் வாழ்நாளில் வெளிவந்த கதைகளைத் தமிழாக்கி வாசிக்க எந்தத் தடையும் இல்லை. அந்தப் போர்வீரன் கதையின் தமிழாக்கத்தை நானே செய்து, கூட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு அன்று வேறு அறையில் கதைசொல்லல் வைப்பதானால் அதற்கும் ஆள் பிடித்துத் தருகிறேன். தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் வாசகி