கவனக்குறைபாடுள்ள வளரிளம் மாணவர்களும் ஆசிரியர் பயிற்சியும்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் குறைபாடுள்ள வளரிளம் பருவ மாணவர்கள் குறித்து, உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் உடனிருப்பதால், ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை எளிதில் அவர் கண்ணில் பட்டுவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு வருவதற்குள் ஓட்டமும் துள்ளலும் பெரும்பாலும் குறைந்து, மறதியும், முடிக்காத வீட்டுப்பாடமும், தொலைந்த நோட்டும், பாதிப் படியில் நின்றுபோன கணக்குமே எஞ்சுகின்றன. ஐந்து ஆசிரியர்கள் ஐந்து பாடவேளைகளில் இவற்றைத் தனித்தனியே பார்த்து, 'என் பாடத்தில் இவனுக்கு அக்கறையில்லை' என்று தனித்தனியே முடிவுகட்டிவிடுகிறார்கள். சத்தமின்றி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவி எவர் கவனத்துக்கும் வருவதில்லை. வாய்மொழியாகக் கேட்டால் சரியான விடை சொல்லும் ஒரு மாணவனை, வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதற்காக நானே பலமுறை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. தண்டனைக்குப் பதிலாக வகுப்பறையில் என்ன செய்வது என்பதை ஆசிரியருக்குப் பயிற்சிதான் கற்றுத்தர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு; ஏடிஹெச்டி தனியாக இடம்பெறவில்லை. ஆகவே இம்மாணவர்களை, மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்பாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று பாட ஆசிரியர்கள் ஒதுங்கிவிட முடியாது.

இக்குறைபாட்டைக் கண்டறிவது மருத்துவரின் பணி. ஆனால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியனவா, வீட்டில் மட்டுமன்றிப் பள்ளியிலும் தெரிகின்றனவா என்று அவர் கேட்கும்போது, எங்கள் குறிப்புகளே அவருக்கு உதவும். ஆகவே ஒரு மாணவரைப் பற்றி அனைத்துப் பாட ஆசிரியர்களும் ஒரே குறிப்பேட்டில் எழுதுவது, பெரிய வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துத் தருவது, வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு அவர் குறித்துக்கொண்டாரா என்று பார்ப்பது, குற்றஞ்சாட்டாமல் பெற்றோரிடம் பேசுவது ஆகியவற்றைப் பயிற்சியில் செய்துகாட்டிப் பழக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியரையும் அழைக்க வேண்டும். உடலசைவு மிகவும் தேவைப்படும் இப்பிள்ளைகளின் விளையாட்டு வேளையைத் தண்டனையாகப் பறிப்பதும், அதில் கணக்குப் பாடம் நடத்துவதும் (நானும் நடத்தியவள்தான்) நின்றாக வேண்டும்.

ஒரு நாள் உரையோடு முடித்துவிடாமல், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் தொடங்கி ஒவ்வொரு பருவத்திலும் இப்பயிற்சியைத் தொடருமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தஞ்சாவூர்.