மூன்றாவது விளக்குக் கம்பம்

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி இன்றோடு 7 வாரம். நடந்தது உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுதவில்லை. இத்தனை நாள் போன் எடுக்காததற்கு மன்னியுங்கள். பேச ஆரம்பித்தாலே அழுகை வந்துவிடுகிறது. மாரடைப்புக்குப் பிறகு பலருக்கும் மனம் இப்படித் தளரும் என்று தாதி சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரி மருத்துவர்கள், தாதியர், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கிய மச்சான், உப்பைக் குறைத்துக் கஞ்சி காய்ச்சி அனுப்பிய கோயில் அக்காமார், பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் கேட்டும் தராமல், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் வைத்த கடை அண்ணன், எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இனி அங்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பயமில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம். அடைப்பை நீக்கி, இரத்தக் குழாய் திறந்திருக்க ஸ்டென்ட் என்னும் சின்ன வலைக்குழாய் வைத்தாயிற்று, 5 நிமிடத்தில் தொடங்கி நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. நெஞ்சில் சின்ன இழுப்பு என்றாலும், நாக்கின் அடியில் அடிக்கும் மருந்தைக் கை தன்னால் தேடும்.

நான்காம் நாள் காலை எதிர்வீட்டுச் சீன அங்கிள் எங்கள் வாசல் கேட் பக்கத்தில் வந்து நின்றார். 11 வருடமாக எங்களுக்குள் ஒரு தலையாட்டல், தீபாவளிக்கு முறுக்கு, சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு, அவ்வளவுதான். கையில் ஒரு மடக்கு ஸ்டூல். சிவப்பு பிளாஸ்டிக், ஒரு கால் நைலான் கயிற்றால் கட்டியது. தெருவிளக்கைக் காட்டி, "பெலான்-பெலான், தம்பி", மெதுவாக, மெதுவாக என்றார்.

அன்று மூன்றாவது கம்பம் வரை போனோம். ஸ்டூலை விரித்தார், உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்று, சுவர்மேல் படுத்திருந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர் ஒருவர்தான் பார்க்கவில்லை.

ஒவ்வொரு கம்பத்திலும் ஏதாவது கேட்பார். மீன் என்ன விலை, மகள் எந்த வகுப்பு. தடங்கல் இல்லாமல் பதில் சொன்னால் அடுத்த கம்பம். மூச்சு வாங்கினால் ஸ்டூல். நடக்கும்போது பேச முடிய வேண்டும், அதுதான் அளவு என்று பிறகு உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ சொன்னபோதுதான் அங்கிள் செய்தது எனக்குப் புரிந்தது. இப்போது கடலோரக் கர்பால் சிங் டிரைவ் சாலையில் பினாங்குப் பாலத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் நடக்கிறோம்.

நடக்கும்போது ஒன்று மனதை அறுக்கிறது. அன்று நெஞ்சு அழுத்தியதை வாயு என்று நினைத்து, ஓமத் தண்ணீர் குடித்து ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டேன். இரத்தம் போகாத ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. நெஞ்சு அழுத்தி, வலி தாடைக்கோ கைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் தயவுசெய்து உடனே 999-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமலே வரலாம்.

அப்புறம், அன்போடு மூலிகை கொண்டுவந்த அண்ணன், அதை நான் தொடாததற்குக் கோபிக்க வேண்டாம். ஸ்டென்டில் இரத்தம் உறையாமலிருக்க எனக்கு இரண்டு வகை மாத்திரை, ஒரு வருடத்துக்குத் தினமும். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்த மாட்டேன். கெட்ட கொழுப்பை (LDL) 1.4 mmol/L-க்குக் கீழே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், கொண்டுவருவேன். சிகரெட்டை இனித் தொட மாட்டேன், இது அப்பா மேல் சத்தியம். அவரையும் இதே நோய்தான் கொண்டுபோனது. தம்பிகள் இருவரும் இந்த மாதமே இரத்தம் சோதிக்க வேண்டும், நானே கூட்டிப் போகிறேன்.

அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. மகள் இதை மலாயில் சொல்லுவாள்.

அங்கிள், போன வாரம்தான் கவனித்தேன், படி இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறீர்கள். நாளையிலிருந்து ஸ்டூலை நான் தூக்கி வருகிறேன். நீங்கள் உட்காருங்கள். நான் பூனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஜெலுத்தோங், பினாங்கு