மூன்று தொட்டிப்பாலம் நீளத்தில் ஒரு வீடு

வியன்னா
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

புது வீட்டுக்கு மாறி மூணு வாரம் ஆகிறது. அம்மா போனில் வாடகையைக் கேட்கிறாள். நீங்களோ, “சுவரு செங்கலா, கான்கிரீட்டா மக்களே?” என்பதோடு சரி. ஒரு கொத்தனாருக்குப் பதில் சொல்ல போன் போதாது, அதனால் எழுதுகிறேன்.

செங்கல்தான் அப்பா. முதல் நாளே நீங்கள் செய்வது போல விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். இந்த வீட்டின் பேர் கார்ல் மார்க்ஸ் ஹோஃப். வீடு என்கிறேன், ஆனால் 1927-இல் தொடங்கி 1930-இல் திறந்தபோது இதற்குள் 1,382 குடித்தனம். நீளம் சுமார் 1,100 மீட்டர். ஆற்றுக்கு மேலே வாய்க்கால் போகுமே, அந்த மாத்தூர் தொட்டிப்பாலம் மூணை வரிசையாக வைத்தால் கிட்டத்தட்ட இவ்வளவு வரும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போவதற்குள் டிராமுக்கு நாலு நிறுத்தம். முதல் வாரம் நைட் டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வேறு யார் கதவிலோ சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு தாத்தா திட்டிய திட்டில் பாதி எனக்குப் புரியவில்லை, நல்லவேளை.

வரைந்தவர் கார்ல் ஏன் (Karl Ehn) என்ற நகராட்சிக் கட்டடக் கலைஞர். பார்வைக்குக் கோட்டை மாதிரி இருக்கும். சிவப்பும் மஞ்சளுமாகப் பூச்சு, நடுப்பகுதியில் லாரி நுழையும் அளவுக்குப் பெரிய வளைவுகள், அவற்றின் மேலே நாலு பீங்கான் சிலைகள். ராஜா வீட்டு வாசலுக்கு வைக்கிற வளைவைக் கூலிக்காரன் வீட்டுக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கட்டடம் இல்லை, மிச்சமெல்லாம் முற்றமும் மரமும்தான். நம் ஊரில் விளை வாங்குகிறவன் எல்லைக்கல் வரைக்கும் சுவரை இழுக்கச் சொல்லி உங்களிடம் மல்லுக்கட்டுவானே, அது ஞாபகம் வந்தது.

இதைக் கட்டுவதற்கு முன்னால் வியன்னாவில் தொழிலாளிகள் இருந்த இருப்பு மோசம். ஒரு மாடிக்கு ஒரே தண்ணீர்க் குழாய், கக்கூஸும் வராந்தாவில். படுக்கையை மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, ஒருத்தன் எழுந்ததும் இன்னொருத்தன் படுப்பானாம். 1923-இல் நகராட்சி வீடு கட்டுவதற்கென்றே ஒரு வரி போட்டது. பெரிய வீட்டுக்காரன் அதிகமாகக் கட்ட வேண்டும். கார், வேலைக்காரர் வைத்திருப்பதற்கும் தனி வரி. அந்தப் பணத்தில் 1934-க்குள் அறுபதாயிரத்துக்கு மேல் வீடு கட்டிவிட்டார்கள். உங்கள் செங்கல் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. ஊரெல்லாம் வேலையில்லாமல் கிடந்ததால், நிறையக் கைக்கு வேலை கிடைக்கட்டும் என்று செங்கல் கட்டுமானத்தையே தேர்ந்தெடுத்தார்களாம். படித்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

வீடுகள் சின்னதுதான், 30 முதல் 60 சதுர மீட்டர். ஆனால் கக்கூஸ் உள்ளேயே, தண்ணீர் உள்ளேயே. துணி துவைக்க, குளிக்கப் பொது இடங்கள், பல் ஆஸ்பத்திரி, நூலகம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் எல்லாம் வளாகத்துக்குள் வைத்திருந்தார்கள். பிறகு 1989-92-இல் பழுது பார்த்தபோது சில சின்ன வீடுகளைச் சேர்த்துவிட்டார்கள். எங்களுடையது அப்படி ரெண்டை ஒன்றாக்கியது. நடுவில் சுவரை உடைத்த தடம் தரையில் லேசாகத் தெரிகிறது. வேறு யாருக்கும் தெரியாது, கொத்தனார் மகளுக்குத் தெரியும்.

1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை. தொழிலாளிகள் உள்ளே பதுங்கிக்கொள்ள, ராணுவம் பீரங்கியால் சுட்டது. முன்னால் இருக்கிற சதுக்கத்துக்கு இப்போது பிப்ரவரி 12 என்றே பேர். அதே இடத்தில் சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

மரச்சீனிக் கிழங்கு ஒரு ஆப்பிரிக்கக் கடையில் கிடைக்கிறது. சாளைக் கருவாடு வறுத்த அன்று மட்டும் பக்கத்து வீட்டம்மா ஜன்னலை அடைத்துக்கொண்டார்.

விசா வேலையைத் தொடங்கிவிட்டேன். நீங்கள் கட்டிய ஒரு வீட்டிலும் பால்காய்ப்பு முடிந்த பிறகு உள்ளே போய் உட்கார்ந்ததில்லை என்று அம்மா சொல்வாள். இங்கே வந்து உட்காருங்கள். வரும்போது தூக்குக்குண்டைக் கொண்டுவாருங்கள், சுவர் நேரா இருக்கா என்று பார்க்க வேண்டும். கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பெரிய பெட்டியில், வேட்டிக்குள் சுற்றி வையுங்கள்.

உங்கள் மகள்